முப்பத்தோரு மாடி ஏறிய வாட்ச்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நலம் என்று எழுத முடியாத நிலையில் நலமாக இருக்கிறோம். உங்கள் நலம் தினமும் சாயங்காலம் குடும்பக் குழுவில் ‘இத்தனை ஆயிரம் ஸ்டெப்’ என்று வந்துவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. போன் இருக்கக் காகிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் எதை எழுதினாலும் அது நேராகக் குழுவில் போய் விழுகிறது, இது அங்கே விழக்கூடாத சமாச்சாரம்.

எனக்கு ஐம்பது முடிந்ததும் என் மகள் நம் இருவர் தொப்பையையும் போட்டோவில் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு வாட்ச் வாங்கி அனுப்பினாள் அல்லவா, நடையை எண்ணும், நாடியை எண்ணும், ஏறிய மாடியைக்கூட எண்ணும் என்று. முதல் வாரம் உங்களுக்கு ஒன்பதாயிரம், எனக்கு இரண்டாயிரம். “மாப்ளே, உக்காந்தே சம்பளம் வாங்குறீங்களா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். எட்டு மணிக்கு முன்னால் கண் திறந்து நான் பார்த்திராத நீங்கள் ஐந்தரைக்கே நடக்க ஆரம்பித்தது எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். நானோ லிப்ட் மெக்கானிக், ஓடுகிற மெஷினில் கை வைப்பவன், வேலை நேரத்தில் வாட்ச் கட்டக்கூடாது. வீட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று ஒருநாள் என் வீட்டுக்காரி கையில் மாட்டிவிட்டேன். “எதுக்குங்க?” என்றாள். “சார்ஜ் நிக்குதான்னு பாக்கத்தான்” என்றேன். அன்றைக்கு என் பெயரில் பதினாலாயிரத்து அறுநூறு! குழுவே கொண்டாடியது, நீங்கள் மட்டும் வாய் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

மூன்று வாரம் இப்படி ஜெயித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம், வாட்ச் கணக்கைத் தன் போனிலும் பார்க்கிற மகள் கூப்பிட்டு, “அப்பா, மாடி ஏறும்போதெல்லாம் உங்க நாடி நூத்தி நாப்பதைத் தாண்டுது, டாக்டர்கிட்ட பேர் பதிஞ்சிட்டேன், போகலன்னா லீவு போட்டு வந்துடுவேன்” என்று அழுதுவிட்டாள். போனேன். நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. டாக்டர் என் போனைப் பார்த்துவிட்டு, “நேத்து முப்பத்தோரு மாடி ஏறியிருக்கீங்க. எங்க வேலை?” “லிப்டுல சார்.” “அப்புறம் ஏன் படியில ஏறுறீங்க?” அப்பதான் எனக்கு உறைச்சுது. எங்க கட்டிடத்து லிப்ட் நின்னு ரெண்டு மாசம் ஆச்சு அத்தான். ‘ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்’னு எட்டு ஞாயித்துக்கிழமையா சொல்லிக்கிட்டு இருக்கிறவன் நான்தான். பாலுக்கும் காய்கறிக்கும் துணி காயப்போடவும் மூணு மாடி ஏறி இறங்குறது என் வீட்டுக்காரி. அந்த நாடி அவளோடது. “சார், இது என் வீட்டுக்காரி கையில இருந்த வாட்ச்” என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்க.”

நல்லவேளை, இதயத்தில் கோளாறு இல்லை, ரத்தம்தான் ரொம்பக் கம்மி. மாத்திரை, ஓய்வு, மூன்று மாதம் படியே ஏறக்கூடாது. “மூச்சு வாங்குதுன்னு வீட்டுல சொல்லலையாம்மா?” என்று டாக்டர் கேட்டதற்கு, “லிப்ட் சரியானா எல்லாம் சரியாயிடும்னு இருந்தேன் டாக்டர்” என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று மாலையே லிப்டைத் திறந்தேன். கதவுப் பூட்டில் கரண்ட்டைக் கடத்தும் சின்ன கான்டாக்ட் ஒன்று தேய்ந்திருந்தது. நாற்பது நிமிஷ வேலை.

இப்போது கடைக்கும் மொட்டை மாடிக்கும் நான்தான். நேற்று ஆறாயிரம், நிஜ ஆறாயிரம். விடிகாலையில் எழுந்து நேர்மையாக நடக்கும் உங்களை ஏமாற்றி முந்தினேனே என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சின்னவனை மன்னித்து, முதலிடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அக்கா போன் செய்து என் வீட்டுக்காரியை நலம் விசாரித்தாள். பேச்சோடு பேச்சாக, “இந்த வாட்ச் கட்டி எனக்கு மணிக்கட்டெல்லாம் அரிக்குதுடி, எங்க வீட்டுக்காரர் கழட்டவே விடமாட்டேங்கிறார்” என்றாளாம். அத்தான், மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதே டாக்டரிடம் அக்காவுக்கும் பேர் பதிந்தாகிவிட்டது. வியாழன் காலை பத்து மணி. நீங்களே கூட்டிக்கொண்டு வரவேண்டும்.