கயிற்றின் இன்னொரு முனை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தையல் மிஷின் மூவரும் நலம். என் முட்டிகள் இரண்டும் நலமில்லை. உன் நலத்தையும், உன் ஆஸ்பத்திரி நோயாளிகளின் நலத்தையும் அறிய ஆவல்.

வேலைக்குக் கிளம்பிய அன்று நீ என்ன சொன்னாய்? "ஏய் வாத்து, நீ ஒரே மூச்சுல இருபது தாண்டுற வரைக்கும் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து கயிறு பிடிப்பேன்டி." மூன்று மாதம் ஆகிறது. உன் கட்டிலில் இப்போது அப்பா தைத்து முடித்த சட்டைகள் படுத்திருக்கின்றன.

இதை விளையாட்டு என்று நினைக்காதே. இது படிப்பு விஷயம். கயிறு தாண்டுவது, ஒற்றைக் காலில் நிற்பது, பந்து பிடிப்பது எல்லாம் நன்றாக வரும் பிள்ளைகளுக்குக் கணக்கும் நன்றாக வருகிறதாம். பள்ளி நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். அதனால்தான் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நமக்குச் சாதகமில்லாததால் அதை நான் சரியாகப் படிக்கவில்லை. ஆகவே கணக்கில் நான் நாற்பத்தொன்று வாங்கியதற்குக் காரணம் கயிறு, கயிறு வராததற்குக் காரணம் நீ.

நானும் சும்மா இருக்கவில்லை. கயிற்றின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை நானே பிடித்துச் சுற்றினேன். அருமையாகச் சுற்றியது. தாண்டுவதற்குத்தான் ஆளில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்தே தெரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். "இந்தக் காலரை மட்டும் முடிச்சுட்டு வர்றேம்மா" என்றார். காலருக்குப் பின் கை, கைக்குப் பின் பட்டன் என்று முழுச் சட்டையையும் முடித்துவிட்டு வந்தார். நான் ஒன்பதாவது தடவை குதிக்கும்போது வாசலில் வாடிக்கையாளர் ஒருவர் வந்து நிற்க, அவருக்கு வணக்கம் சொல்ல அப்பா கயிற்றை விட்டுவிட்டார், நான் கால் சிக்கி நேராக அவர் காலடியில் போய் விழுந்தேன். "நல்லா இரும்மா" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டு அவர் அப்பாவிடம், "சட்டை எப்பத்தாங்க ரெடியாகும்?" என்றார்.

அம்மாவோ, "உங்கக்கா வந்தா வரட்டும், நீ மொதல்ல வகுத்தல் கணக்கைப் போடு" என்கிறார். தினமும் பத்துக் கணக்கு. எனவே அக்கா, இன்றுவரை நான் பத்தொன்பதைத் தாண்டவில்லை. என் எதிர்காலம் உன் ஒரு நாள் லீவில் இருக்கிறது.

அப்பா அம்மாவின் ஆசிகளுடனும், என் இரண்டு பிளாஸ்திரிகளுடனும்,
உன் வாத்து.

பி.கு.: மேலே எழுதியதை மடித்து உறையில் போட்டுவிட்டேன், மனசு கேட்காமல் திரும்ப எடுத்தேன். வியாழக்கிழமை அப்பா கயிறு சுற்ற, முப்பத்தொன்று தாண்டினேன். கணக்கில் நாற்பத்தொன்று போன பரீட்சையில், இந்தப் பரீட்சையில் எழுபத்தெட்டு. அது கயிற்றாலா, அம்மாவாலா தெரியவில்லை. இருபது தாண்டிவிட்டேன் என்று தெரிந்தால் நீ வரமாட்டாய் என்றுதான் மறைத்தேன். ஆனால் அப்பாவுக்குச் சுற்றிக்கொண்டே எண்ண வராது. முப்பத்தொன்றையும் நானே எண்ணிக்கொண்டேன். தாண்டுகிறவளே எண்ணினால் செல்லாது என்பது நீ போட்ட சட்டம்தானே? வந்து எண்ணு.