சனிக்கிழமைக்காரி

"சனிக்கிழமை வந்த பொண்ணு ஊசி போட்டப்போ குத்தினதே தெரியல," என்றார் ஹட்சன், கையைத் தேய்த்துக்கொண்டே.

முழங்கால் மாற்றிக்கொண்ட பழைய லாரி டிரைவர் அவர். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். நோர்மிதா உதட்டால் மட்டும் சிரித்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தாள். கொஞ்சம் கூடவே அழுத்திவிட்டாள்.

ஸ்டாக்டன் நகரில் அந்த ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் நோர்மிதா நிரந்தர நர்ஸ். திங்கள் முதல் புதன் வரை காலையிலிருந்து இருட்டும்வரை நிற்பாள். சனிக்கிழமைக்கு ஆள் போதாமல் ரோசெல் என்ற ஒருத்தியை நாள்கூலிக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நோர்மிதா அவளைக் கண்ணால் பார்த்ததில்லை. திங்கட்கிழமைதோறும் அவள் புகழை மட்டும் காதால் கேட்டு வயிறெரிந்தாள்.

முதலில் சமையலால் மடக்கப் பார்த்தாள். பெரிய தட்டு நிறைய, கறி வைத்துச் சுருட்டிய லும்பியா பலகாரம் சுட்டு வந்து வார்டில் வைத்தாள். உதவியாளன் கிளென் இரண்டை ஒன்றாகக் கடித்தான்.

"நல்லாருக்குக்கா. ரோசெல் அக்காவும் சனிக்கிழம இதான் கொண்டாந்தாங்க."

"ஓஹோ."

"அது இன்னும் மொறுமொறுன்னு இருந்துச்சு."

நோர்மிதா தட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து அன்பைக் கையில் எடுத்தாள். ஹட்சனின் தலையணையைத் தட்டிச் சரிசெய்து, "ராத்திரி நல்லா தூங்கினீங்களா கண்ணு?" என்று குழைந்தாள்.

ஹட்சனின் முகம் வெளுத்தது. "எதுவா இருந்தாலும் ஒளிக்காம சொல்லிடும்மா. ரிப்போர்ட் வந்துடுச்சா?"

"என்ன ரிப்போர்ட்?"

"நீ இப்பிடிப் பேசற அளவுக்கு எனக்கு என்ன வந்திருக்கு?"

அவர் நெஞ்சு படபடப்பு அடங்க டாக்டர் வரவேண்டியதாயிற்று.

கிளென்தான் சமாதானம் சொன்னான். "நாள்கூலிக்கு வர்றவங்க விருந்தாளி மாதிரிக்கா. வந்தோமா, சிரிச்சோமா, போனோமான்னு இருப்பாங்க. நீங்க இந்த வீட்டு மருமக. உங்கள யாரு பாராட்டுவா?"

அந்தப் பேச்சு நோர்மிதாவின் மனதில் தைத்தது. நாமும் எங்காவது விருந்தாளியாகப் போனால் என்ன? ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டாள். போய்ச் சேர்ந்துகொண்டாள்.

அங்கே அவளுக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு மாத்திரை கொடுத்தாள். கிழவிகளுக்கு நகம் வெட்டிவிட்டாள். நோயாளிகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "எங்க சார்ஜென்ட் இல்லாத நாள்தான் எங்களுக்கு நல்ல நாள்," என்றார்கள். அங்கிருக்கும் நிரந்தர நர்ஸுக்கு அவர்கள் வைத்த பெயராம் அது. யாரோ, பாவம் என்று நினைத்தாலும், நோர்மிதாவுக்கு உள்ளூர இனித்தது.

ஆனால் ஓய்வு நாள் ஒன்று போனதில் கால்கள் வீங்கின, கோபம் ஏறியது. திங்கட்கிழமை தன் வார்டில் வள்ளென்று விழுந்தாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ரோசெலின் பெயர் இன்னும் உயர்ந்தது.

இந்த நேரம் பார்த்து, கூரை ஓரத்து மழைநீர்த் தகரத்தில் அடைத்த சருகை அள்ள ஏணியில் ஏறிய அவள் கணவன் அர்செனியோ கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை முடிந்து, அவள் வார்டிலேயே படுக்க வைத்தார்கள்.

"நாளைக்கு நான் லீவு போட்டுடறேன்," என்றாள் நோர்மிதா.

"எதுக்கு? உன் வார்டுதானே. பாத்துப்பாங்க, நீ போ."

சனிக்கிழமை மத்தியானம் அக்கரை ஆஸ்பத்திரியில் சாப்பிட உட்கார்ந்தபோது அர்செனியோவுக்குப் போன் செய்தாள்.

"சாப்டியா?"

"ஆச்சு. ரோசெல் வீட்லேர்ந்து இஞ்சி போட்ட கோழிக்கஞ்சி கொண்டாந்தா. ஊட்டியே விட்டா."

"உடைஞ்சது கால்தானே? கைக்கு என்ன கேடு?"

"நானும் சொன்னேன், கேக்கல. தலையும் சீவி விட்டா மித். அப்பிடியே தூங்கிட்டேன்."

"ஏன், நான் சீவி விட்டதில்லையா?"

அர்செனியோ கொஞ்சம் யோசித்தான். "விட்டிருக்க. வலிக்கும்."

நோர்மிதா போனை வைத்துவிட்டுச் சோற்றை ஒதுக்கினாள். நோயாளிகள் போனால் போகட்டும், வார்டு போகட்டும், கட்டிய புருஷனுமா? இனி சனிக்கிழமை தன் வார்டைவிட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்தாள். அந்தத் தேவதையின் முகத்தையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும்.

சாயங்காலம் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அந்த வார்டு உதவியாள் யோலண்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இனிமே வரமாட்டேன் யோலண்டா. வீட்டுல கொஞ்சம் சிக்கல்."

"அடப்பாவமே, அப்ப சனிக்கிழமையும் எங்க சார்ஜென்ட் ரோசெலையே எங்க தலையில கட்டிடுவாங்களே. அவ இன்னிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் எலும்பு வார்டுக்குப் போயிருக்கா. 'இங்க இப்பிடிக் கடிச்சுக் குதறுற நீ அங்க மட்டும் எப்பிடிடி தேவதைன்னு பேர் வாங்கின?'ன்னு கேட்டா, 'நான் ஒண்ணுமே பண்ணல, அங்க ஒருத்தி நிரந்தரமா இருக்கா, அவளுக்கு அடுத்து யார் போய் நின்னாலும் தேவதைதான்'ங்கிறா."