நாவலைப் பிரித்து நாலு நாலு பேராக வாசித்த விவரம்

அச்சங்குளம்,
ஆடிப் பதினெட்டு.

என்றைக்கும் என் மரியாதைக்குரிய அத்தான் வெள்ளைத்துரை அவர்களுக்கு, மைத்துனன் ஆண்டிச்சாமி எழுதிக்கொண்டது. இங்கே நான், அக்கா பொன்மணி, உங்கள் மகள் கற்பகவல்லி, புதிதாகக் குட்டி போட்ட வெள்ளாடு எல்லாரும் சுகம். நாக்பூர் கோடவுனில் நீங்களும் நீங்கள் காவல் காக்கிற பட்டாசுப் பெட்டிகளும் சூடு அண்டாமல் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸப்பில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். தினமும் விடியக்காலையில் நான் அனுப்பிய ரோசாப்பூப் படங்கள்தான் காரணம் என்று அக்கா சொன்னாள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இன்றைக்குப் பூசை போட்டுக் கிளம்புகிற முதல் லோடு லாரியில் டிரைவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். லாரி டிரைவரைத் தடுத்து வைக்க உங்களால் முடியாது.

நடந்தது அத்தனையும் நான் முன்னமே சொன்னதுதான். கற்பகவல்லிக்கு மொட்டை போட்ட அன்று, சுவரில் தொங்கிய காலண்டரில் சித்திரை மாதத்தை முழுசாகக் கிழித்து அது மென்று தின்றதே, அப்போதே “இந்தப் பிள்ளை எழுத்தைக் கரைத்துக் குடிக்கும்” என்று சொன்னேன். நீங்கள் வயிற்றுப்போக்குக்கு மருந்து வாங்க ஓடினீர்கள். மதுரைக் கூட்டத்தில் நடந்ததை அக்கா போனில் சொல்லியிருப்பாள். ஆனால் அக்கா நடந்ததை மட்டும்தான் சொல்லுவாள். முழு விவரம் வேண்டுமென்றால் நான்தான் எழுத வேண்டும்.

ஆடி முடிவதற்குள் பேராசிரியர் நல்லசிவம் ஐயா ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போடவில்லை என்றால், படிப்பை நிறுத்தி ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே காரியாபட்டி செல்போன் கடை ஹரிஷ்குமாருக்குக் கட்டி வைத்துவிடுவேன் என்று நீங்கள் சொன்னீர்கள் அல்லவா? ஹரிஷ்குமார் நல்ல பையன்தான். அக்காவின் போன் திரைக்கு மேல்தாள் ஒட்டினான், ஒரு குமிழி கிடையாது. ஆனால் பிள்ளைக்கு மனசு படிப்பில் கிடக்கிறது. நல்லசிவம் ஐயாவோ ஒரு நாவலைக் கையில் கொடுத்து, “மதுரையில் எழுத்தாளர் முன்னிலையில் கூட்டம். இதில் இருக்கிற விளங்காத சொற்களுக்கும் மறைபொருள்களுக்கும் விளக்கம் சொல்லு, அப்புறம் கையெழுத்தைப் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டார். நாவலின் பேர் ‘சாம்பலின் வடகிழக்கு’. நம் பக்கத்துப் பட்டாசு ஆபீஸில் நடக்கிற கதை என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். உள்ளே போட மறந்துவிட்டார்கள். ஒரு வாக்கியம் முற்றுப்புள்ளி இல்லாமல் மூன்று பக்கம் ஓடுகிறது. நாய் ஒன்று திடீரென்று பேசுகிறது, அடுத்த பக்கத்தில் அது நாய் இல்லை. பிள்ளை பென்சிலால் நாற்பத்திரண்டு இடத்தில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு, நான் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டது.

“அகராதியில பாத்தியா தாயி?” என்றேன்.

“பாத்தேன் மாமா. அகராதிப் பொருளைப் போட்டா வாக்கியம் இன்னும் மோசமாப் போகுது.”

இந்த இடத்தில் என் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். பட்டாசுக்கு வருவதற்கு முன்னால் பதினாலு வருசம் சிவகாசி அச்சாபீஸில் பைண்டிங்கில் இருந்தவன் நான். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். மூன்றாம் பாரம் என் மேசை. தமிழ்நாட்டில் எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் முப்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து நாற்பத்தெட்டாம் பக்கம் வரை நான் ஒப்பிப்பேன். எந்தக் கதையிலும் யாரும் பிறந்தோ செத்தோ நான் பார்த்ததில்லை. எல்லாரும் நடுவயதில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று நீங்கள் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்பு வாசல் வரை போனேன், உள்ளே வெயில் அதிகம்.

ஆகவே புத்தகத்தை வாங்கி, முதுகில் கத்தியை விட்டு, பன்னிரண்டு பாரமாகப் பிரித்தேன். “மாமா, லைப்ரரிப் புத்தகம்!” என்று பிள்ளை கத்தியது. மூன்றாம் பாரத்தை நான் வைத்துக்கொண்டேன். மற்ற பதினொன்றையும் கம்பெனியில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் வாசிப்பு. நம் ஆட்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியுமே, ஒரு ஷெட்டில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் உடம்பில் ஊறிவிட்டது. மரத்தடியிலும் நாலு நாலு பேராகத்தான் உட்கார்ந்தார்கள். ஐந்தாவதாக முனியராஜ் வந்து குந்தினான், முதல் ஆள் தானாகவே எழுந்து அடுத்த மரத்துக்குப் போய்விட்டான். இதனால் கதையின் தலை ஒரு மரத்தடியில், இடுப்பு ஒரு மரத்தடியில், கால் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் என்று ஆகிவிட்டது. தொட்டிப் பக்கம் கதாநாயகி செத்துப்போனாள் என்று அழுதுகொண்டிருந்தபோது, இங்கே அவளுக்குக் காது குத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அத்தான், பொருள் விளங்கியது. கதாநாயகியை நாவலில் ‘வெள்ளிக்கையாள்’ என்று எழுதியிருக்கிறது. “அவள் பிசைந்த சோற்றில் நிலா விழுந்தது” என்று வேறு. நல்லசிவம் ஐயா இதற்குச் சந்திரன், அமுதம், பழைய புராணம் என்று பதினைந்து பக்கத்துக்குக் கட்டுரையே எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. எங்கள் பாண்டிலட்சுமி, பேன்சி ரக ஷெட்டில் வேலை பார்க்கிறவள், அதை வாசித்துவிட்டுச் சோற்றுக் கையைத் தூக்கிக் காட்டினாள். அலுமினியப் பவுடர். சோப்புப் போட்டாலும் மூன்று நாளைக்குப் போகாது. இன்னொரு இடத்தில், “வாசலில் செம்பைத் தொட்டாள், அவளுக்குள் இருந்த மின்னல் மண்ணுக்கு இறங்கியது” என்று இருக்கிறது. ஐயா இதற்கு இந்திரனைக் கூட்டி வந்திருந்தார். உள்ளே நுழையும் முன்னால் உடம்பில் இருக்கிற கரண்டு இறங்க எல்லாரும் தொடுகிற செம்புத் தகடுதான் அது. இந்திரன் வந்தாலும் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இப்படி நாற்பத்தோரு கோட்டுக்கும் விடை கிடைத்துவிட்டது. பிள்ளை முகம் வாடித்தான் இருந்தது. “மாமா, சரியான பொருளைச் சொன்னா ஐயா கட்டுரை தப்புன்னு ஆயிரும், கையெழுத்துப் போட மாட்டாரு. அவரு சொன்னதையே நானும் சொன்னா, பாண்டிலட்சுமி அத்தை மூஞ்சியில எப்படி முழிக்க?” என்றது. நாற்பத்திரண்டாவது கோடு வேறு பாக்கி. ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் வெள்ளிக்கையாள் ஒரு அணுகுண்டு வெடியை எடுத்து, “ஒன்றைத் திரியில்லாமல் வைத்தாள்.” அவ்வளவுதான் வாக்கியம். ஏன் வைத்தாள் என்று நாவல் முழுக்க ஒரு சொல் கிடையாது. பாண்டிலட்சுமியைக் கேட்டால், “திரியில்லாம வச்சா போர்மேன் வைவாரு. அம்புட்டுதான்” என்றாள். பிள்ளை அழுதுவிட்டது. அப்போதுதான் எனக்கு மட்டுமே தெரிந்த பழைய வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். அந்தக் காலத்தில், சீசனுக்கு முதல் லோடு கிளம்புகிற அன்று, வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள் பேரைச் சொல்லி ஒரு அணுகுண்டைத் திரியில்லாமல் எடுத்து மாடத்தில் வைப்பார்கள். அது வெடிக்காது, யாரும் வெடிக்க விடவும் மாட்டார்கள். பிள்ளை எழுதிக்கொண்டது. பிறகு புத்தகத்தைத் தைத்துப் பசை போட்டுக் கொடுத்தேன். ஆறாம் பாரமும் ஒன்பதாம் பாரமும் இடம் மாறிவிட்டன. செத்தவர் எழுந்து வந்து டீ குடிக்கிறார். முன்னைக்கு இப்போது நன்றாகவே விளங்குகிறது.

மதுரைக் கூட்டத்துக்கு வேன் பிடித்து, வாசித்த பன்னிரண்டு பேரும் போனோம்; அக்காவும் பிள்ளையும் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். ஆயிரம் பேர் இருக்கும். அக்கா நாற்பது என்பாள், அவளுக்குக் கணக்கு வராது. வாசலில் செருப்பைக் கழற்றினோம், போன்களை வேனிலேயே வைத்துவிட்டோம், யாரும் சொல்லாமலே ஒவ்வொருவராகக் கதவின் பித்தளைக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு உள்ளே போய், வரிசைக்கு நாலு பேராக மூன்று வரிசையில் உட்கார்ந்தோம். “நிறைய நாற்காலி காலியாத்தானே இருக்கு, நெருங்கி உக்காருங்க” என்று ஒருத்தர் வந்து கெஞ்சினார். “சட்டம் இல்லைங்க” என்றான் முனியராஜ். மேடையிலிருந்து எழுத்தாளர் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கற்பகவல்லி எழுந்து பேசியது. வெள்ளிக்கை வந்ததும் ஐயாவை ஒரு பார்வை, எங்களை ஒரு பார்வை. “இதைச் சந்திரன்... என்றும் சொல்லலாம்...” என்று இழுத்தது. சடக்கென்று பாண்டிலட்சுமி எழுந்துவிட்டாள்.

“ஐயா, இந்தக் கையில சந்திரன் எங்கன இருக்குன்னு வந்து பாருங்க” என்று டியூப்லைட்டுக்கு நேரே கையைத் தூக்கினாள். கை மினுங்கியது. “பவுடரு ஐயா. நிலாவா இருந்தா அமாவாசைக்காவது போயிருக்கும்ல?”

கூட்டம் சிரித்தது. ஐயா முகம் மிளகாய் வற்றல் ஆனது. இதையும் நான் வேனிலேயே சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “பவுடர் இருக்கட்டும்மா. திரியில்லாத அணுகுண்டு எதற்கு? அதைச் சொல்லட்டும் பார்ப்போம்” என்றார். பிள்ளை தாளைப் பார்க்கவில்லை. ஐயாவையும் பார்க்கவில்லை. நான் சொன்ன வழக்கத்தை அப்படியே சொன்னது. பாண்டிலட்சுமி நின்றபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுத்தாளர் அம்மா மெதுவாக, “அதேதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லையே, உனக்கு எப்படித் தெரிந்தது?” என்றார். நல்லசிவம் ஐயா அந்த மேடையிலேயே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். “என் பதினைந்து பக்கத்தையும் நான் திருத்த வேண்டும் போலிருக்கிறதே” என்றார். பெரிய மனுசன்தான் அத்தான்.

ஆகவே சொன்ன சொல் மாறாமல், பிள்ளையை அது ஆசைப்பட்ட மட்டும் படிக்க விடுங்கள். ஹரிஷ்குமாருக்கு நானே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட்டேன். அவனும் ஆராய்ச்சியில் இருக்கிற பெண் என்றால் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது என்றான். லைப்ரரிக்காரர்களைப் பற்றி இப்போது பேச வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள், கோடவுன் பக்கம் பீடிக்காரர்களை விடாதீர்கள். தூரத்தில் இருந்தாலும் உங்கள் ஆசீர்வாதம் எங்கள் தலைமேல் இருக்கட்டும். வாட்ஸப்பையும் திறந்துவிட்டால் நன்றாக இருக்கும். இனி ரோசாப்பூ அனுப்ப மாட்டேன், தாமரை மட்டும்தான்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
ஆண்டிச்சாமி

பின்குறிப்பு: இந்த லோடில் அணுகுண்டுப் பெட்டி ஒன்றில் பத்துக்கு ஒன்பதுதான் இருக்கும். கம்பெனிக்குப் போன் போட்டுவிடாதீர்கள். காலையில் பூசை முடிந்ததும் பாண்டிலட்சுமி ஒன்றை எடுத்துத் திரியில்லாமல் சாமி மாடத்தில் வைத்து, மூன்று வருசத்துக்கு முன்னால் வேலைக்குப் போய்த் திரும்பாத அவள் தங்கச்சி பேரைச் சொன்னாள். போர்மேன் பார்த்தார், வையவில்லை. “என்னத்தா இது?” என்று நான் கேட்டதற்கு, “ஏண்ணே, காலங்காலமா உள்ள வழக்கம்தானே, எங்க அம்மாகூடச் சொல்லிருக்கா” என்றாள். அவளிடம் எப்படிச் சொல்ல? பிள்ளையிடமும் சொல்ல முடியாது. எழுத்தாளர் அம்மா ‘அதேதான்’ என்று சொன்ன பிறகு அவரிடமும் சொல்ல முடியாது. அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன் அத்தான். அப்படி ஒரு வழக்கம் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் இருந்ததில்லை. பிள்ளை அழுதது பொறுக்காமல், வேப்பமரத்தடியில் நின்று அந்த நிமிசத்தில் நான் இட்டுக்கட்டியது.