ஓட்டு கேக்கப் போன டாக்டர்

"நீங்க ஓட்டு கேக்கப் போனீங்களா, ஊசி போடப் போனீங்களா?"ன்னு நர்ஸக்கா கேட்டதுல தப்பே இல்ல. காலையில கிளம்பின டாக்டர் மத்தியானம் வரைக்கும் மூணே மூணு வீடுதான் தாண்டியிருக்கார்.

"வலிக்குதுன்னு சொல்றவங்ககிட்ட நோட்டீஸையா நீட்டச் சொல்றீங்க?"

"ஆமா. அதுக்குத்தானே அச்சடிச்சோம்."

அவர் கவுன்சிலருக்கு நிக்கிறதே குழாய்க்காகத்தான். சாக்கடைத் தண்ணி குடிதண்ணியில கலக்குது. எதிர்வீட்டுக் குட்டிப்பொண்ணுக்கு இந்த வருஷத்துல மட்டும் அஞ்சு தடவை வயித்துப்போக்கு. நாலு தடவை மருந்து எழுதினவர், அஞ்சாவது தடவை எழுதிக் குடுத்துட்டு நேரா வேட்புமனு வாங்கப் போயிட்டார்.

"ஸ்டெதஸ்கோப்பைக் கழட்டுங்க. அது கழுத்துல தொங்கற வரைக்கும் நீங்க வேட்பாளரே இல்ல"ன்னு நர்ஸக்கா பிடுங்கி வச்சுக்கிட்டாங்க.

மறுநாள் வெறுங்கழுத்தோட போனார். முதல் வீட்டுப் பெரியவர் கையை நீட்டினார். கை குலுக்கத்தான்னு நினைச்சு இவரும் பிடிச்சார்.

"நாடி எப்படி இருக்கு டாக்டர்?"

சரி, வீட்டுக்குள்ள போனாத்தானே வம்பு, தெருமுனையில மைக் வச்சுப் பேசிடலாம்னு முடிவு பண்ணாங்க. மைக்கைப் பிடிச்சதும் டாக்டருக்குப் பழக்கதோஷம். "சொல்லுங்க, என்ன பண்ணுது?"ன்னுட்டார். அவ்ளோதான், கூட்டம் அப்படியே வரிசையாயிடுச்சு. ஒருத்தர் மைக் அணைச்சிருக்குன்னு நினைச்சு தன் மூலத்தைப் பத்தி விலாவாரியா சொல்ல, மூணு தெரு கேட்டுச்சு.

அதெல்லாம் முடிச்சுட்டு வந்தா கிளினிக்ல வேற நடுராத்திரி வரைக்கும் கூட்டம். கடைசி நாள் பிரச்சாரத்துல, தையல்கடைக்காரர் வாயில தெர்மாமீட்டரை வச்ச டாக்டர் அங்கிருந்த சேர்ல உக்காந்தார். உக்காந்தவர் தூங்கியே போயிட்டார். எழுப்ப மனசு வராம, தையல்கடைக்காரர் முக்கால் மணி நேரம் தெர்மாமீட்டரைக் கடிச்சுக்கிட்டே ஒரு சட்டைக்கு காலர் வச்சு முடிச்சார்.

"டெபாசிட் கூடத் தேறாது"ன்னாங்க நர்ஸக்கா.

எண்ணிப் பாத்தா, பத்து ஓட்டுல எட்டு டாக்டருக்கு.

டாக்டருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கிளினிக் வாசல்ல நின்னு, "ஒரு குழாயை மாத்தறதுக்கு என்னை இவ்வளவு தூரம் நம்பிட்டீங்களே"ன்னார்.

கூடியிருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

தையல்கடைக்காரர்தான் மெதுவா ஆரம்பிச்சார். "குழாயா? மாத்துங்க டாக்டர், யாரு வேணாங்கறா. ஆனா போன கவுன்சிலர் அஞ்சு வருஷமும் கவுன்சில் மீட்டிங்ல நல்லாத் தூங்கிட்டு வந்தார். ஏசி ரூமாம், சாஞ்சுக்கற சேராம். மாசத்துல ஒரு நாளாவது நீங்களும் அங்க கொஞ்சம் கண்ணு மூடணும்னுதான் தெருவே பேசி வச்சுப் போட்டோம்."

நாளைக்கு முதல் மீட்டிங். நீங்களே சொல்லுங்க, அந்த மனுஷன் குழாயைக் கேக்கறதா, தூங்கறதா?