டர்போவுக்கு மூணு விசில்

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு டைல்ஸுக்கும் தனக்கும் உள்ள உறவு தீர்ந்தது என்று டைரக்டர் முடிவு கட்டினார்.

டைரக்டர் என்பது அடுக்குமாடிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர். சினிமா எதுவும் எடுத்ததில்லை. கார் எடுப்பார். வாங்குவார் என்று நினைத்துவிடாதீர்கள், வீடியோதான் எடுப்பார். லீவு நாளில் யாருடைய வண்டிக்காவது தண்ணீர் தெளித்து, தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, சக்கரம் சுழல்வதைப் படம் பிடிப்பார். அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி ஊருக்கு விடுவார். மாடி வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் போகிற வண்டி, அவர் வீடியோவில் எதிரி நாட்டைப் பிடிக்கப் போவது மாதிரி இருக்கும்.

மற்ற நாட்களில் மச்சானுடைய டைல்ஸ் கடையில் வேலை. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "இது வழுக்குமா?" உடனே மச்சான் ஒரு டைல்ஸின் மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றி, "மாப்ள, கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்பார். டைரக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து காட்டுவார். விழாவிட்டால் அந்த டைல்ஸ் விற்கும். விழுந்தால், "பாத்தீங்களா, இது வேணாம், அந்த உசத்தியானதைப் பாருங்க" என்று வேறு டைல்ஸ் விற்கும். மச்சானுக்கு இரண்டு பக்கமும் லாபம். டைரக்டருக்கு இடுப்பு வலி. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விழுந்தவுடன் வாடிக்கையாளரின் குழந்தைகள் "மறுபடியும் அங்கிள்!" என்று கை தட்டுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்த நிலைமையில்தான் கார் ஷோரூம் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. டைரக்டர் அப்போது கீழே ஒரு வண்டிக்கு அடியில் இருந்தார். போனை எடுத்தது மனைவி.

"அவர் படுத்திருக்காருங்க."

"உடம்பு சரியில்லையா மேடம்?"

"அதெல்லாம் இல்ல, வண்டிக்கு அடியில படுத்திருக்கார். கூப்பிடறேன்."

மேனேஜர் சொன்ன விஷயம் இதுதான். புதிதாக ஒரு மாடல் வந்திருக்கிறது. அதற்கு ஒரு சாம்பிள் வீடியோ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பினால், முதலாளி பார்த்துவிட்டு, வருஷம் முழுக்க ஷோரூம் வீடியோ எல்லாவற்றையும் அவரிடமே கொடுத்துவிடுவார்.

"முக்கியமா அந்த எஞ்சின் சத்தம் சார்! எங்க முதலாளி கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கறார். எப்படி சார் ரெக்கார்ட் பண்றீங்க?"

"அது... தொழில் ரகசியம் சார்."

ரகசியம்தான். இந்தக் காலத்து நல்ல கார்கள் ஓடுகின்றனவா நிற்கின்றனவா என்றே தெரியாது. மைக்கை வைத்தால் காற்றும் டைரக்டரின் இருமலும்தான் பதிவாகும். ஒருநாள் இப்படித் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் சமையலறையில் மனைவி வெங்காயத்தை நறுக்கி வைத்துவிட்டுத் தக்காளி அரைத்தாள். பேரிங் தேய்ந்துபோன பழைய மிக்சி. மெதுவாகத் திருகினால் உறுமியது. இன்னும் திருகினால் சீறியது. நிறுத்தும்போது பெருமூச்சு விட்டு அடங்கியது. டைரக்டர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி சந்தோஷம், பாதி வெங்காயம்.

அன்றிலிருந்து அவர் வீடியோக்களில் பறந்த கார்கள் எல்லாம் அந்த மிக்சிதான். நடுவில் குக்கர் விசில் கலந்துவிடும். "அண்ணா, அது டர்போவா?" என்று ஒரு ரசிகர் கேட்டார். "ஆமா தம்பி" என்று பதில் எழுதினார். இன்னொரு வீடியோவில் "ஏங்க, அடுப்பை அணைங்க" என்று லேசாக ஒரு குரல். "யாரோ பேசற மாதிரி இருக்கே?" என்று கேட்டார்கள். "அது நேவிகேஷன்" என்று எழுதிவிட்டார்.

பாவம், மனைவிக்கு இது எதுவும் தெரியாது என்பது அவர் எண்ணம். அவள் வாரம் தவறாமல் கேட்பாள்.

"ஏங்க, மிக்சி காதைக் கிழிக்குது. ரிப்பேருக்குக் கொடுங்களேன்."

"அது பாட்டுக்கு ஓடுதுல்ல? ஓடட்டும் விடு."

"பக்கத்து வீட்ல கதவைச் சாத்திக்கறாங்க."

"ஓடற மிக்சில கை வெக்கக் கூடாது."

இப்படியே அவள் காது போனாலும் அவர் எஞ்சின் போகாமல் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. படம் பிடித்தாயிற்று. வெட்டி ஒட்டினால் போதும். சத்தம் மட்டும் புதிதாக வேண்டும். பழையதை எதையும் அவர் தனியாகச் சேர்த்து வைக்கவில்லை. தினமும் சும்மா உறுமுகிற பொருளை யார் சேர்த்து வைப்பார்கள்? எல்லாம் பாட்டோடு கலந்து கிடந்தது. இன்றைக்கு மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, நிம்மதியாக ஒரு மணி நேரம் மிக்சியை ஓட்டிப் பதிவு செய்வது என்று திட்டம்.

"உங்க அக்காவைப் பாத்து நாளாச்சே. போயிட்டு வாயேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வசனம் இது. அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். அப்புறம், "சரிங்க" என்றாள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்போதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மத்தியானம் வரை படத்தை வெட்டினார். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக வந்திருந்தது. மைக்கை எடுத்துக்கொண்டு, விசில் அடித்தபடி சமையலறைக்குள் போனார்.

மிக்சி இருந்த இடத்தில் ஒரு வட்டமான தூசி இருந்தது. மிக்சி இல்லை.

"ஏம்மா, மிக்சி எங்க?"

"ரிப்பேருக்குக் கொடுத்துட்டேங்க, போற வழியில." போனில் அவள் குரல் நிம்மதியாக இருந்தது.

"யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"என்னங்க இது, ஒரு மிக்சிக்கு இப்படிப் பதறறீங்க? தக்காளி ஏதாவது அரைக்கணுமா?"

டைரக்டர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். தெருமுனைக் கடையில் மெக்கானிக் மிக்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! கை வெச்சிடாதீங்க!"

"முடிஞ்சுது சார். பேரிங் புதுசு. இப்பப் பாருங்க." மெக்கானிக் பட்டனைத் திருகினார். மிக்சி சுற்றியது. பூனை பால் குடிக்கிற சத்தம்கூட இல்லை.

"அந்தப் பழைய பேரிங்கையே மாட்டிக் கொடுங்க."

"என்ன சார்?"

"சத்தம் வரணும். நல்லா, காது கிழியற மாதிரி."

"அது உடைஞ்சு குப்பையில கிடக்கு சார்." மெக்கானிக் அவரைப் பார்த்துக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். "வீட்ல யாராவது பெரியவங்க இருந்தா அனுப்புங்களேன்."

வீட்டுக்கு வந்து டைரக்டர் படாத பாடு பட்டார். டிரில்லிங் மெஷின் பல் டாக்டரை நினைவூட்டியது. தலை உலர்த்தும் மெஷின் கொட்டாவி விட்டது. கடைசியில் தானே வாயால் உறுமிப் பதிவு செய்து கேட்டார். கார் வாந்தி எடுப்பது போல் இருந்தது. திரையில் அந்த வண்டி சத்தமே இல்லாமல், ஊமையாக, அழகாகத் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. நாளைக்குக் காலையில் சோப்புத் தண்ணீர். மறுநாளும் சோப்புத் தண்ணீர். தலை நரைத்து, தடி ஊன்றி, அப்போதும் மச்சானின் டைல்ஸில் நடந்து காட்டும் தன் உருவம் கண்ணெதிரே வந்து வழுக்கி விழுந்தது.

சாயங்காலம், மனசைத் தேற்றிக்கொண்டு, சத்தமில்லாத வீடியோவையே அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தைரியம் வந்து மேனேஜருக்குப் போன் போட்டார்.

"சார், சத்தம் மட்டும் கொஞ்சம்..."

"அதுதான் மேடம் காலையிலயே அனுப்பிட்டாங்களே! ஸ்டார்ட், ஸ்பீடு, பிரேக், எல்லாம் தனித்தனியா. டர்போ மூணு தடவை! உங்க படத்தோட சேத்துப் போட்டுப் பாத்தோம். முதலாளிக்கு ரொம்பத் திருப்தி. ஒப்பந்தம் மேடம் பேர்லயே போட்டாச்சு."

"மேடமா? எந்த மேடம்?"

"உங்க நேவிகேஷன் மேடம் சார். அப்படிச் சொல்லித்தான் பேசினாங்க. படம் பிடிக்க ஞாயித்துக்கிழமை மட்டும் வர்ற ஆள் ஒருத்தர் இருக்கார், அவரை வெச்சு எடுத்துத் தரேன்னாங்க. அது நீங்கதானே?"

டைரக்டர் போனை வைத்தார். வாசலில் மனைவி, கையில் மிக்சியோடு நின்றாள்.

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"டர்போன்னு நீங்க எழுதினப்பவே தெரியும். குக்கர்தானே, போகட்டும்னு விட்டேன். நேவிகேஷன்னீங்க பாருங்க, அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன்." மிக்சியை அதன் தூசி வட்டத்தின் மேல் கச்சிதமாக வைத்தாள். "ரிப்பேருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்கு வேண்டிய சத்தத்தைப் பிடிச்சு வெச்சுட்டேன். என் போன்ல பத்திரமா இருக்கு."

அவருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. எவர் பெயரில் இருந்தால் என்ன, வேலை வீட்டுக்குத்தானே வந்திருக்கிறது? நாளைக்கே மச்சானிடம் போய் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம். குரலில் இருக்கிற குழைவையெல்லாம் கூட்டிக்கொண்டு பக்கத்தில் போனார்.

"சரிம்மா. நடந்தது நடந்து போச்சு. இனிமே நான் எதுக்கு உங்க அண்ணன் கடைக்குப் போகணும்? வழுக்கி வழுக்கி இடுப்பே போச்சு. விட்டுடட்டுமா?"

மனைவி ஜாடியில் தக்காளியைப் போட்டு, மூடியை அழுத்தி, பட்டனைத் திருகினாள். மிக்சி சத்தமே இல்லாமல் சுற்றியது. அதனால் அவள் சொன்னது ஒரு எழுத்து விடாமல் அவர் காதில் விழுந்தது.

"அது பாட்டுக்கு ஓடுதுல்ல? ஓடட்டும் விடுங்க."