பீலியில் வந்த பிள்ளையார்

தீபாவளிக்கு முதல் நாள் நாலு லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் வராமல் செய்தவள் நான்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை. பட வேண்டிய வெட்கத்தை எல்லாம் அன்றைக்கே பட்டு முடித்துவிட்டேன்.

டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆரம்ப வகுப்பு ஆசிரியை நான். எனக்கு எதற்குப் பஞ்சம் வந்தாலும் வாழ்த்து அட்டைக்குப் பஞ்சம் வந்ததில்லை. ஆசிரியர் தினம், தீபாவளி, பொங்கல், என் பிறந்த நாள் (அது எப்படித்தான் தெரிகிறதோ!) என்று வருடத்துக்கு நாலு தடவை வந்து குவியும். பிரிஸ்டல் போட் என்கிற தடித்த அட்டையை இரண்டாக மடித்து, உள்ளே ‘எங்கள் அன்பான டீச்சருக்கு’ என்று எழுதி, வெளியே பெஸ்டல் கலரில் ஒரு பிள்ளையார். டீச்சருக்குப் பிள்ளையாரைத்தான் பிடிக்கும் என்று எவளோ ஒருத்தி முதல் வருடமே கிளப்பிவிட்டாள். (எனக்குப் பிடித்தது முருகன். சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.)

இருபத்தொரு வருடப் பிள்ளையார்கள். கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்கு மேல், தையல் மெஷினுக்குப் பின்னால் என்று வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். கரப்பான் பூச்சிகள் அதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிட்டன.

என் கணவர் தோட்டத்து மருந்தகத்தில் வேலை செய்பவர். எதையும் மருந்துப் போத்தலாகவே பார்ப்பார்.

“இந்தா பாரு, மருந்துக்கு ஒரு தேதி போட்டிருக்கும். தேதி போச்சுன்னா எடுத்து வீசிரணும். கார்டுக்கும் ஒரு தேதி வேணும்.”

“எவ்வளவு நாளுங்க வைக்கலாம்?”

“ஒரு மாசம். மிஞ்சிப்போனா அடுத்த தீபாவளி வரைக்கும்.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எடுத்து வீசுவது எங்கே என்பதுதான் பிரச்சினை. அடுப்பில் போடலாமா? பிள்ளையாரை எரித்து வெந்நீர் வைத்துக் குளித்தால் உருப்படுவேனா? குப்பைக்குழியில் போட்டால் வரைந்த பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள். மிச்சம் இருந்தது ஓடுகிற தண்ணீர். சாமி படத்தை ஆற்றில் விட்டால் குற்றமில்லை.

லயத்துக்குக் கீழேயும் ஆறு ஓடுகிறது, மேலேயும் ஓடுகிறது. கீழே எப்போதும் யாராவது துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். மேலே மனித நடமாட்டமே இருக்காது. ஆகவே மேலே! அந்த நேரத்தில் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். (‘நமது தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்ற பாடத்தை வருடா வருடம் படம் போட்டு நடத்துகிறவளும் நான்தான் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.)

காலையில் பனிமூட்டம் கலைவதற்குள், இரண்டு கொழுந்துச் சாக்கு நிறைய அட்டைகளோடு மலையேறினேன். அதை ஒரே நடையில் எப்படிச் சுமந்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். கைப்பிடி கைப்பிடியாகத் தண்ணீரில் விட்டு, ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வெறும் சாக்குகளை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தோசை சுட்டேன். மனசு லேசாக இருந்தது.

பத்து மணிக்கு, எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலியில் சத்தம் கேட்டது. நாலு லயத்துச் சனமும் வாளியோடு வரிசையில் நிற்கிறது; குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மறுநாள் விடியலில் எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல். பலகாரத்துக்கு மாவு கரைக்கக்கூடத் தண்ணீர் கிடையாது.

தண்ணீர்க் குழாய் பார்க்கிற செல்வம் மேலே போயிருப்பதாகச் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு என் பாடம் ஞாபகத்துக்கு வந்தது. கரும்பலகையில் நான் வரைகிற ஆறு, அதிலிருந்து பிரிகிற குழாய், குழாயின் முடிவில் லயம். தண்ணீர்கூடப் பரவாயில்லை, மத்தியானத்துக்குள் வந்துவிடும். தாங்கள் வரைந்ததை டீச்சர் வீசிவிட்டார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் நான் எந்த முகத்தோடு வகுப்பில் நிற்பேன்?

செல்வம் ஒரு கொழுந்துச் சாக்கை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தான். அவனும் என்னிடம் படித்தவன்தான்.

“குழாய் வாயில பூராப் பிள்ளையாருங்க, டீச்சர்!”

சாக்கைக் கவிழ்த்தான். ‘எங்கள் அன்பான டீச்சருக்கு’, ‘எங்கள் அன்பான டீச்சருக்கு’ என்று நூற்றுக்கணக்கில் விழுந்தன.

“யாரு இதைக் கொண்டுபோய் ஆத்துல போட்டது?” என்று ஒரு குரல் கேட்டது.

பாடம் நடத்துகிற அதே குரலில், “காற்று” என்றேன்.

செல்வம் கையிலிருந்த சாக்கைப் பார்த்தான். “சாக்கையுமா டீச்சர் காத்து தூக்கிட்டுப் போச்சு?”

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அது பிளக்கவில்லை. செல்வம் குனிந்து ஓர் அட்டையை எடுத்தான். “இது நான் வரைஞ்சது டீச்சர்! மூனாம் வகுப்புல. தும்பிக்கைக்கு எடம் பத்தாம அடுத்த பக்கத்துல கொண்டுபோய் முடிச்சேன்.”

அவ்வளவுதான். வாளிகள் கீழே போயின. ஆளுக்கொரு கையாக ஈர அட்டைகளைப் பிரித்து, எதிரே மட்டமாக வெட்டப்பட்டு நின்ற தேயிலைச் செடிகள் மேல் பரப்ப ஆரம்பித்தார்கள். பேனா மை பாதி கரைந்துபோயிருந்தது. பெஸ்டல் மெழுகாயிற்றே, ஆறு அதைத் தொடவே இல்லை. வெயில் வந்தபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். மலைச்சரிவு முழுக்கப் பிள்ளையார்கள். சிவப்பு, நீலம், ஒற்றைக்கால், மூன்று தந்தம், கிரிக்கெட் மட்டை பிடித்தது. நிரைக்கு நிரை பெரியவர்கள் நடந்து நடந்து தங்கள் சின்ன வயதுக் கையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொரு வருடமாக என்னிடம் என்ன இருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

லயத்துப் புஷ்பம் அக்காவின் மகள் கலைவாணி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஊருக்கு வந்து நாலு வருடமாகிறது. அவளுடைய அட்டையைக் கண்டுபிடித்த புஷ்பம் அக்கா போனில் படம் பிடித்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. சத்தமாகவே போட்டார்.

“அம்மா, இது நான் ரெண்டாம் வகுப்புல கீறுனது! டீச்சர் இன்னமும் வச்சிருக்காங்களாம்மா?”

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். புஷ்பம் அக்காவும் பார்த்தார். பிறகு போனை வாயருகே கொண்டுபோனார்.

“ஆமாடி. பத்திரமா வச்சிருக்காங்க.”

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அந்த ஒரு வரிக்கு எனக்கு என்ன தகுதி இருந்தது?

மத்தியானம் தண்ணீர் வந்தது. மறுநாள் காலை என் வீட்டு வாளியில் ஒரு பிள்ளையார் காதும் வந்தது. என் கணவர் அதை எடுத்து ஜன்னலில் காயவைத்தார். காய்ந்த அட்டைகள் திரும்பப் பெட்டிக்குள் போனபோது, அவர் மருந்து லேபல்களைக் கொண்டுவந்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டினார்: ‘காலாவதி: இல்லை’.

அதோடு விட்டார்களா? அடுத்த ஆசிரியர் தினத்துக்கு வந்த அட்டைகள் அத்தனையிலும் பெற்றோர் சொல்லிக்கொடுத்த ஒரு வரி இருந்தது: ‘ஆற்றில் போட வேண்டாம்.’ இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குக் கதை தெரியாது. வரி மட்டும் தெரியும். மேலே பிள்ளையார் சுழி, கீழே இது.

போன மாதம் இரண்டாம் வகுப்பு யாழினி, கொழும்பில் வேலை செய்யும் அப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதிக் காட்டினாள். அதிலும் அந்த வரி.

“இது எதுக்கும்மா அப்பாவுக்கு?” என்றேன்.

விவரம் தெரியாத டீச்சர் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். “அது இல்லாட்டி எப்புடி டீச்சர் வாழ்த்தாகும்?”

சிவப்புப் பேனாவை எடுத்து, ‘சரி’ போட்டுக் கொடுத்தேன்.