கோலுக்குள் உடைத்த பூசணிக்காய்

பந்து விளையாடத் தெரியாதவனுக்குத்தான் பந்தாட்டத்தைப் பற்றி எல்லாம் தெரியும். யார் எங்கே நின்றிருக்க வேண்டும், எவன் எப்போது உதைத்திருக்க வேண்டும், தோற்றது யாரால் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆடுகிறவனுக்குப் பாவம், பந்து ஒன்றுதான் தெரியும்.

நான் முதல் வகையைச் சேர்ந்தவன். ஹட்டனில் கல்லூரியில் படித்த காலத்தில் (கல்லூரி என்றதும் அங்கி, பட்டம் என்று எண்ணிவிட வேண்டாம், எங்கள் பக்கத்தில் கொஞ்சம் பெரிய பள்ளிக்கூடத்துக்கே காலேஜ் என்று பெயர்) நான் பந்தை உதைத்தது ஒரே ஒரு தடவை. பந்து நின்ற இடத்திலேயே நின்றது. என் சப்பாத்து பறந்துபோய்ப் பூகோள வாத்தியாரின் மடியில் இறங்கியது. அன்றைக்கே, கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதுதான் எனக்கு விதிக்கப்பட்ட உத்தியோகம் என்று புரிந்துகொண்டேன். அதில் எனக்குப் போட்டியே கிடையாது. நான் கத்தினால் பந்து ஒரு கணம் தயங்கும் என்று நண்பர்கள் சொல்வார்கள்.

நான் கத்தியதெல்லாம் ஒருவனுக்காகத்தான். வேலாயுதம், எங்கள் கல்லூரியின் கோல் கீப்பர். லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துப் பையன் (லயம் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்). அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து பறிக்கிறவர். பாதிரியார் ஒருவர் தயவில் படிக்க வந்தவன். நானோ ஹட்டன் கடைத்தெருவில் பலசரக்குக் கடைக்காரர் மகன். ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டோம். எந்தத் திசையிலிருந்து பந்து வந்தாலும், மாடியிலிருந்து விழும் குழந்தையைப் பிடிப்பதுபோல நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பான். பிடித்த பிறகு அதைத் தட்டிக்கொடுப்பான்கூட.

அந்த வருஷம் தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். பேர் வெட்டப்பட்ட குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. (திரும்பி என்று எழுதுவது பழக்கதோஷம். வேலாயுதம் அதற்கு முன்னால் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.) ஒரு நாள் அவர்கள் வீட்டுப் பேரும் வெட்டப்பட்டது.

அப்போதுதான் எங்கள் விளையாட்டு வாத்தியார் ஒரு செய்தி கொண்டுவந்தார். ராகலைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் பந்துப் பைத்தியமாம். தம்முடைய தொழிற்சாலையில் ஒரு பையனுக்கு வேலை வைத்திருக்கிறார். வேலை தெரியாவிட்டாலும் சொல்லிக் கொடுத்துக்கொள்வார், ஆனால் கோலில் நிற்கத் தெரிய வேண்டும். நுவரெலியாவில் கண்டிக் கல்லூரியோடு நாங்கள் ஆடப்போகிற ஆட்டத்தைப் பார்க்க அவரே வருகிறார்.

"வேல கெடச்சா நீ இங்கயே இருந்துருவியாடா?" என்று கேட்டேன்.

"அம்மா அப்பிடித்தான் சொல்லுது. 'நீயாவது இங்கன இரு, நாங்க போயி நெலம எப்பிடின்னு பாக்குறோம்'ங்குது. நான் இங்க நின்னுட்டா, என்னைக்காவது அவங்களையும் கூப்புட்டுக்கலாம்ல?"

"அப்ப நீ ஒரு பந்தையும் விடக்கூடாது."

"ரொம்ப நன்றி. எனக்கு அது தெரியாமப் போச்சு பாரு," என்றான்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, யோசனை வந்தது. (எனக்கு யோசனை வரும்போதெல்லாம் யாராவது என்னைக் கட்டிப்போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது.) போன ஆட்டத்தில் வேலாயுதம் கைக்கு வந்த பந்து ஒன்றை நழுவவிட்டிருந்தான். ஏன்? கண்ணேறு. எங்கள் கடையைத் தெருவில் போகிற நாலு பேர் பார்க்கிறார்கள். அதற்கே அமாவாசைக்கு அமாவாசை வாசலில் பூசணிக்காய் உடைக்கிறோம். கோல் கீப்பரை மைதானமே பார்க்கிறது! அவனுக்கு இதுவரை ஒரு எலுமிச்சம்பழமாவது சுற்றிப் போட்டவர் உண்டா? நான் விஞ்ஞானம் படிக்கிறவன். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தென்படவில்லை.

ஆட்டத்தன்று காலையில் கடையில் இருந்ததிலேயே பெரிய வெள்ளைப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். மேலே துளை போட்டு உள்ளே நிறையக் குங்குமம் கரைத்து ஊற்றி, மறுபடியும் மூடியிருந்தேன். ஆட்டக்காரர்கள் வாத்தியாரோடு முன் பெட்டியில் போனார்கள். என்னோடு வேலாயுதத்தின் அப்பா வந்தார். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, தலையில் புதுத் துண்டு. மகன் ஆடுவதை அவர் பார்க்கப்போவது அதுதான் முதல் தடவை.

"தம்பி, இது தொரைக்குக் குடுக்கவா?" என்று பூசணிக்காயைக் காட்டி மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க மாமா. வேலுவுக்குக் கண்ணு கழிக்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல காரியந் தம்பி. அவுங்க அம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஆனா ஒண்ணு, ஒடச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். பாத்தா அம்புட்டும் நம்ம பின்னாடியே வந்துரும்."

"தெரியுமுங்க," என்றேன், பரம்பரை நிபுணனைப்போல.

வழியெல்லாம் என் மடியில் அந்தக் காய் ஒரு கொழுத்த மருமகனைப்போல உட்கார்ந்து வந்தது. தலவாக்கலையில் ஏறிய சிங்கள அம்மா ஒருத்தி, "மாத்தயா, புஹுல் கீயத?" என்று விலை கேட்டாள். விற்பனைக்கு இல்லை என்றதும் என்னை நம்பாமல் அதைத் தட்டிப் பார்த்தாள். நானுஓயாவில் இறங்கி நுவரெலியா போகிற சின்ன ரயிலுக்கு மாறினோம். அதில் எனக்கு இடம் கிடைத்தது, பூசணிக்காய்க்குக் கிடைக்கவில்லை. வேலாயுதத்தின் அப்பா எழுந்து அதற்கு இடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார்.

மைதானத்தில் பனிமூட்டம். சனம் இன்னும் கூடவில்லை. நேரே போய், வாசலுக்குப் பக்கத்தில் இருந்த கோலின் நட்டநடுவே நின்று, சூடம் ஏற்றிச் சுற்றி, தலைக்கு மேல் தூக்கிப் போட்டு உடைத்தேன். அது சிதறிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உடனே திரும்பி நடந்தேன்.

பின்னாலிருந்து மைதானக் காவலாளி, "ஏய்! மொகத மே கரன்னே?" என்று கத்தினான். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கிறான். நியாயமான கேள்விதான். ஆனால் திரும்பிப் பார்க்கக் கூடாதே! அவன் கத்தக் கத்த, நான் சுவாமி ஊர்வலத்தில் போகிறவனைப்போல நேர்ப்பார்வையோடு போய்க்கொண்டே இருந்தேன். பெரிய துண்டுகளை அவன் காலால் எத்தித் தள்ளினான் என்று பிறகு கேள்விப்பட்டேன். சதையும் விதையும் புல்லோடு புல்லாகத் தங்கிவிட்டன.

ஆட்டம் தொடங்குமுன் நாணயம் சுண்டிப் பக்கம் பிரித்தார்கள். எங்கள் ஆட்கள் நடந்து அந்தப் பக்கத்துக் கோலுக்குப் போனார்கள். நான் கண் கழித்த கோலில், கண்டிக் கல்லூரிக்காரன் ஒருவன் போய் ஒய்யாரமாக நின்றான்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. பந்தாட்டத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்றேனே!

"தம்பி, நம்ம காயி அவங்கிட்டப் போயிருச்சே?" என்றார் வேலாயுதத்தின் அப்பா கவலையோடு.

போனது மட்டுமல்ல, வேலையும் செய்தது. எங்கள் ஆட்கள் அடித்த பந்தெல்லாம் கம்பத்தில் பட்டுத் திரும்பின. ஒன்று காற்றில் வளைந்து வெளியே போயிற்று. அந்தக் கண்டிப் பையன் கையை அசைக்கவே இல்லை. என் பூசணிக்காய் அவனை அப்படிக் காத்தது. ஆனால் மறுமுனையில் வேலாயுதம் எந்தக் காயும் இல்லாமலே வந்ததையெல்லாம் பிடித்தான். பாய்ந்தான், உருண்டான், எழுந்தான். துரைமார் வரிசையில், வாயில் பைப்போடு புகைவிட்டுக்கொண்டிருந்த ராகலைத் துரை எழுந்து நின்று கைதட்டினார். நான் பார்த்தேன். வேலாயுதத்தின் அப்பா, துரை எழுந்துவிட்டாரே என்று தலையிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இடைவேளையில் தூறல் விழுந்தது. பக்கம் மாறினார்கள். வேலாயுதம் என் கோலை நோக்கி ஓடிவந்தான். எனக்கு ஒரே குதூகலம். "இப்ப பாருங்க மாமா! இப்பத்தான் நம்ம காயி நம்மகிட்ட வந்திருக்கு!"

அந்தப் பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு அடியே இல்லை. அடித்தவனே வெட்கப்பட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான். சந்தையில் கூடையிலிருந்து தவறிய உருளைக்கிழங்குபோலப் பந்து உருண்டு வந்தது. அதை எடுக்க வேலாயுதம் ஒரே ஒரு எட்டு வைத்தான். நேரே பூசணிச் சதை மேல்.

இரண்டு காலும் வானத்தைப் பார்த்தன. உட்கார்ந்தவாறே கொஞ்ச தூரம் சறுக்கினான். எட்டித் தடுக்க நீட்டிய கால் பந்தில் பட்டு, அவனே அதைக் கோலுக்குள் தள்ளிவிட்டான். எழுந்தபோது வெள்ளைச் சட்டை முதுகிலிருந்து இடுப்புவரை சிவப்பு.

"ஐயோ, ரத்தம்!" என்று யாரோ அலறினார்கள். துரைசானி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். பஞ்சும் மருந்துமாக ஒருவர் ஓடினார். எங்கள் வாத்தியார் அவன் முதுகைத் தொட்டு, விரலை மோந்து பார்த்துவிட்டு, மைதானம் முழுவதும் கேட்கும்படி, "குங்குமம்!" என்றார்.

அதற்குப் பிறகு என்ன? நுவரெலியா முழுவதும் சிரித்தது. ராகலைத் துரை பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அத்தனை பேருக்கு நடுவில் வேலாயுதத்தின் கண்கள் நேராக என்னிடம் வந்தன. கன்னத்தில் ஒரு பூசணி விதை ஒட்டியிருந்தது.

"டேய் நடராசு!" என்று அங்கிருந்தே கத்தினான். "இன்னும் எங்கெங்கடா வச்சிருக்க? சொல்லிரு, பாத்துக் கால வக்கிறேன்!"

சிரிப்பு இரண்டு மடங்காகியது. நான் அவன் அப்பாவின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மிச்ச நேரம் அவன் ஆடிய ஆட்டத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை. ஆனால் அவன் ஒவ்வொரு முறை பாய்ந்தபோதும், விழுவானோ என்று சனம் சிரிக்கத் தயாராகிவிட்டது. அழகாகப் பிடித்தாலும் சிரித்தார்கள். அந்த ஒரு கோலில் தோற்றோம். துரை மைதானத்துக்குள் இறங்கி வந்து கண்டிக் கோல் கீப்பரின் கையைப் பிடித்துக் குலுக்கி, வெகுநேரம் பேசினார். தொழிற்சாலை வேலை அவனுக்குத்தான் கிடைத்தது. ஆக, என் பூசணிக்காய் பலிக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. வேலாயுதத்துக்குத் துரை தம் கைக்குட்டையைக் கொடுத்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார்.

திரும்பும்போது அவனும் எங்களோடு பின் பெட்டிக்கு வந்துவிட்டான். நான் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவன் தலையை ஆட்டி நிறுத்திவிட்டான். மூவரும் வெளியே தேயிலை மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தோம். அவன் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எனக்கு இந்த ஆட்டம் வெளங்கல. எல்லாரும் அம்புட்டுச் சந்தோசமாச் சிரிச்சாங்களே. அப்ப நம்ம பயதான ஜெயிச்சான்?"

நான் வேலாயுதத்தைப் பார்த்தேன். அவன் தன் அப்பாவைப் பார்த்தான்.

"ஆமாப்பா," என்றான்.

"தொரை என்ன சொன்னாரு?"

"நல்லா ஆடுனேன்னாருப்பா. அப்புறமா சொல்லி அனுப்புறாராம்."

"அனுப்புவாரு, அனுப்புவாரு," என்று அவர் துண்டை எடுத்து மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டார்.

அவர்கள் புறப்பட்ட நாளில் தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போனேன். கடையிலிருந்து ஒரு பிஸ்கட் டின் கொண்டுபோயிருந்தேன். வேலாயுதம் அதை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கி, "உள்ள வேற ஒண்ணும் வக்கலயே?" என்றான். அவன் அம்மாகூடச் சிரித்தார். அவன் அப்பா மட்டும் சன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "தொரைகிட்டேருந்து ஆளு வந்தா, தம்பி, நாங்க போன எடத்தச் சொல்லிருங்க," என்றார். சொல்கிறேன் என்றேன். அவர்கள் போன இடம் எனக்கு இன்றுவரை தெரியாது. திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு ஊர் என்பார் அவர்; அதன் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

இப்போது நான் படிப்பை முடித்து, இரண்டு உத்தியோகங்களை உதறிவிட்டு, மூன்றாவதையும் உதறலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. யாருக்காவது நான் உதவி செய்கிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், அந்தப் பூசணிக்காயை இழுத்துவிடுவார்கள். அக்காவின் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்கப் போனபோது, அத்தான் மணவறையிலிருந்தே, "மாப்ள, நீ தூரத்துலயே நில்லு, நான் இன்னும் தாலி கட்டல," என்றார். கடைக்கு யார் புதிதாக வந்தாலும் அவரே அந்தக் கதையை ஆரம்பிக்கிறார். வருஷா வருஷம் பூசணிக்காய் பெருத்துக்கொண்டே போகிறது. இப்போது அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். போன தீபாவளிக்கு அவர் சொன்ன கதையில், துரையே வழுக்கி விழுந்துவிட்டார்.

நானும் சிரிக்கிறேன். நன்றாகத்தான் சொல்கிறார்.

"அந்தக் கோல்ல நின்னவன் இருக்கானே, அவன்..." என்று அத்தான் அந்த இடத்துக்கு வரும்போது, "வேலாயுதம்," என்பேன் நான்.

"சரிப்பா, எவனோ ஒருத்தன்," என்பார். "நீ அந்தக் காய் எம்மாம் பெருசுன்னு கையால காட்டு."